தண்ணீர் எங்கே போகிறது?

ஜூன் 3

அன்புத் தம்பிக்கு,

அண்ணி எழுதுகிறேன். ஆறு வருஷமாக இந்த வீட்டிலிருந்து உனக்கு ஒரு வரி வந்ததில்லை. உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் யாருக்கு என்னவோ என்று பயந்திருப்பாய். பயப்படாதே, எல்லாரும் உயிரோடுதான் இருக்கிறோம். மலைக் குளிர் உனக்கு ஒத்துக்கொள்கிறதா? அந்தப் பழைய இருமல் விட்டதா? இதைக் கேட்காமல் விஷயத்துக்குப் போனால் எனக்கே நன்றாக இருக்காது.

உன் அண்ணனுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. நாலு மாதமாகிறது. செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்தில் மூன்று நாள் டவுன் ஆஸ்பத்திரிக்குப் போய், மெஷினோடு சேர்த்துப் படுக்க வைத்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். ஒரு தடவை தவறினால் கால் வீங்கும், இரண்டு தடவை தவறினால் மூச்சுத் திணறும் என்றார் டாக்டர். மூன்றாவது தடவையைப் பற்றி அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரி வேன் வருகிறது. ஆனால் மெயின் ரோடு வரைக்கும்தான். அங்கிருந்து வீட்டுக்கு முக்கால் கிலோமீட்டர் நம் பண்ணை ரோடு. நீ போனபோது அதில் சைக்கிள் ஓட்டலாம். இப்போது நடுவில், நம் மேட்டு வயலுக்கும் உன் பள்ள வயலுக்கும் இடையே ரோடு இறங்குகிற இடத்தில், முழங்கால் சேறு. மழை விட்டுப் பத்து நாள் ஆனாலும் காய்வதில்லை. டிரெய்லரில் மெத்தை போட்டு, அவரைப் படுக்க வைத்து, டிராக்டரை நான் ஓட்டிக்கொண்டு போகிறேன். போகப் போக சக்கரத் தடம் ஆழமாகிறது. அவரைக் காப்பாற்றப் போகிற வண்டியே ரோட்டைக் கெடுக்கிறது. இது தனியார் வழி, எங்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று அரசாங்க ஆபீசில் கையை விரித்துவிட்டார்கள்.

வேன் டிரைவர் மெயின் ரோட்டில் நின்று மூன்று தடவை ஹாரன் அடிப்பான். பத்து நிமிஷம் பார்ப்பான். பிறகு கிளம்பிவிடுவான். நான் அவனுக்கு வைத்த பெயர் ‘மூணு ஹாரன்’. கெட்டவன் இல்லை. வேனில் இன்னும் நாலு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களுடையதும் உயிர்தானே.

நீ ஊருக்கெல்லாம் ரோடு போடுகிறவன். இந்த ரோட்டை நானும் ஒரு டிராக்டரும் எப்படிச் சரி செய்வது என்று எழுது. வேன் வாசலுக்கு வர வேண்டும், அவ்வளவுதான் எனக்கு வேண்டும். உன் முகாமில் சிக்னல் கிடையாதாமே. இருந்தாலும் அவர் காதுபட உன்னோடு பேச முடியாது. இந்தக் கடிதத்தை மூணு ஹாரனிடம் கொடுத்து அனுப்புகிறேன். பதிலையும் அவன் விலாசத்துக்கே போடு.

வேளைக்குச் சாப்பிடு.

உன் அண்ணி


ஜூன் 21

அண்ணி அவர்களுக்கு வணக்கம்.

ரேஷன் லாரியில் வந்த உங்கள் கடிதத்தை, ரோட்டு மண்ணைச் சமன்படுத்துகிற கிரேடர் வண்டியில் உட்கார்ந்தே படித்தேன். படித்த பிறகு அரை மணி நேரம் வண்டியை எடுக்க முடியவில்லை. அண்ணனுக்கு இப்படி ஆகும் என்று கனவிலும் நினைக்கவில்லை. அவர் ஒரு தலைவலி என்று படுத்துக்கூட நான் பார்த்ததில்லை. நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று எழுதவே இல்லையே, அதையும் எழுதுங்கள். என் இருமல் விட்டுவிட்டது.

ரோட்டு விஷயம். தடத்தில் நிற்கிற தண்ணீரை முதலில் வாளியால் இறைத்துவிடுங்கள். அடியில் பெரிய கல், உடைந்த செங்கல், எது கிடைத்தாலும் நெருக்கமாகப் போடுங்கள். அதன் மேல் சின்னக் கல், அதற்கும் மேல் மணல் கலந்த மண். நடு முதுகு ஒரு சாண் உயரமாகவும் இரண்டு ஓரமும் சரிவாகவும் இருக்க வேண்டும். டிராக்டரை ஒரே தடத்தில் ஓட்டாமல் தினம் ஒரு அடி தள்ளித் தள்ளி ஓட்டுங்கள், சக்கரமே மண்ணை அமுக்கிக் கொடுத்துவிடும்.

நான் வந்து செய்ய வேண்டிய வேலை இது. இந்த மலைப் பாதை முடிகிற வரைக்கும் ஆளை விட மாட்டேன் என்கிறார்கள், கிரேடர் ஓட்ட நான் ஒருவன்தான். அண்ணனிடம் நான் கேட்டதாகச் சொல்லாதீர்கள். சொல்லாமலே நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வணக்கத்துடன்,
தம்பி


ஜூலை 9

தம்பிக்கு,

இருமல் விட்டதில் சந்தோஷம். நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்டிருந்தாய். சேறும் நானுமாக இருக்கிறேன். உன் அண்ணன் இந்த வாரம் பரவாயில்லை, என்னைத் திட்டுகிற அளவுக்குத் தெம்பு இருக்கிறது.

நீ சொன்னபடியே செய்தேன். இடிந்து கிடந்த மாட்டுக் கொட்டகைச் சுவரைப் பெயர்த்து, பதினோரு டிரெய்லர் செங்கல் கொட்டினோம். உன் நிலத்தைக் குத்தகைக்குப் பார்க்கும் எதிர்ப் பண்ணைக்காரர் கூட வந்தார். அவருக்குப் பேச்சும் அதிகம், வேலையும் அதிகம். உன் அண்ணன் ரோட்டோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, “அங்க போடு, இங்க போடாத, உனக்குக் கண்ணு தெரியலயா” என்று மேஸ்திரி வேலை பார்த்தார். நாலு நாள் ரோடு ரோடாக இருந்தது. மூணு ஹாரன்கூட இறங்கி நடந்து வந்து, சுடுதண்ணீரில் காலை வைத்துப் பார்க்கிற மாதிரி ஷூ முனையால் அமுக்கிப் பார்த்தான். “வியாழக்கிழமை உள்ள வந்து பாக்குறேன்மா” என்றான்.

புதன்கிழமை மழை. வியாழக்கிழமை காலையில் பதினோரு டிரெய்லர் செங்கல்லைக் காணோம். முழுங்கிவிட்டது தம்பி. ஒரு ஏப்பம்கூட விடவில்லை.

வைக்கோல் போர் நனைகிறதே, மூடலாம் என்று நம் பாதித் தார்ப்பாயைத் தேடினேன். நினைவிருக்கிறதா? பாகம் பிரித்த அன்று எல்லாவற்றையும் சரிபாதி என்று சொல்லி, அந்தப் பெரிய நீலத் தார்ப்பாயையும் நீங்கள் இரண்டு பேரும் கத்தியால் கிழித்தீர்களே. ஒரு முனையை நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். நீ கோணலாக வெட்டிவிட்டாய், உன் பாதி ஒரு சாண் பெரிசு என்று அவர் சண்டைக்கு வந்தார். வீடு முழுக்கத் தேடியும் எங்கள் பாதி கிடைக்கவில்லை. கேட்டால் எலி தின்றுவிட்டது என்கிறார். நாலு ஆள் தூக்குகிற தார்ப்பாயைத் தின்ற எலியை நான் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. பள்ளத்தில் மேட்டு வயல் பக்கம் ரோட்டோரம் புதர் மண்டிக் கிடக்கிறது. தண்ணீர் அங்கேதான் குட்டையாக நிற்கிறது. வெட்டிப் பார்க்கட்டுமா என்றேன். “அந்தப் பக்கம் போகாத, பாம்பு இருக்கு” என்றார். உன் அண்ணன் என்றைக்குப் பாம்புக்குப் பயந்தார்? நோய் மனுஷனை என்னவெல்லாம் செய்கிறது பார்.

அடுத்து என்ன செய்வது, சொல்.

அண்ணி


ஜூலை 25

அண்ணி அவர்களுக்கு வணக்கம்.

அண்ணன் திட்டுகிறார் என்று படித்ததும் மனசுக்கு ஆறுதலாக இருந்தது. உங்கள் கைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள், செங்கல் தூக்கும்போது துணியாவது சுற்றிக்கொள்ளுங்கள்.

மண் அடியில் இளகியிருக்கிறது, அதனால்தான் கல் இறங்குகிறது. இப்படிச் செய்யுங்கள். குச்சிகளையும் கிளைகளையும் வெட்டித் தொடை கனத்துக்குக் கட்டுகளாகக் கட்டுங்கள். அவற்றை ரோட்டுக்குக் குறுக்கே, இடைவெளி இல்லாமல் பாய் விரித்த மாதிரி அடுக்குங்கள். மேலே கல்லும் மண்ணும் போடுங்கள். சதுப்பு நிலத்தில் நாங்கள் அப்படித்தான் செய்வோம். பாரம் ஒரே இடத்தில் இறங்காமல் பரவிவிடும்.

புதரில் மெனக்கெட வேண்டாம். அண்ணன் சொல்வதுதான் சரி, மழைக் காலத்தில் பாம்பு இருக்கும். மேட்டுப் பக்கமும் வேண்டாம், என் வயல் பக்கமும் வேண்டாம். ரோட்டை மட்டும் பாருங்கள்.

இங்கே எல்லாம் பழையபடிதான். போன வாரம் மூன்று கிலோமீட்டர் முடித்தோம். கண்ணாடி மாதிரி இருக்கிறது. அதில் வண்டி ஓட்டும்போது நம் ரோடு கண்ணில் நிற்கிறது.

வணக்கத்துடன்,
தம்பி


ஆகஸ்ட் 12

தம்பிக்கு,

நீ சுகமா என்று கேட்டு எழுதுகிற நிலைமையில் நான் இல்லை. சுகமாக இரு.

வேலியோர மரங்களையெல்லாம் மொட்டையடித்து நூற்று நாற்பது கட்டு கட்டினேன். எதிர்ப் பண்ணைக்காரர் பாதியில் முதுகு பிடித்துக்கொண்டு படுத்துவிட்டார். கட்டுகளை அடுக்கினேன். கல் போதவில்லை. பின்கட்டுச் சுவரை இடித்தேன், துவைக்கிற கல்லைப் போட்டேன், உடைந்த ஓடுகளைப் போட்டேன். இந்த ரோடு எங்கள் வீட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிறது. ஒரு வாரம் தாங்கியது. போன செவ்வாய்க்கிழமை டிராக்டரின் பின்சக்கரம் அச்சு வரை இறங்கிவிட்டது. ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்கக் குழி தோண்டிக்கொண்டு போகிறது. டிரெய்லரில் அவர் படுத்திருக்கிறார். மெயின் ரோட்டில் முதல் ஹாரன் கேட்கிறது. இறங்கி அவரை முதுகில் தூக்கிக்கொண்டேன். உன் அண்ணன் எவ்வளவு பெரிய ஆள், இப்போது என் முதுகில் தூக்க முடிகிறது, அதிலிருந்தே தெரிந்துகொள். பத்தடி வைத்தேன். இரண்டாவது ஹாரன். இருபதடி. கால் மாட்டிக்கொண்டது, இரண்டு பேரும் விழுந்தோம். மூன்றாவது ஹாரன். “ஏய், இருப்பா, வர்றோம்ப்பா” என்று கத்தினேன். சேற்றில் உட்கார்ந்துகொண்டு வேன் போகிற சத்தத்தைக் கேட்டோம்.

அவர் என் தலைமுடியிலிருந்து சேற்றை வழித்துவிட்டார். பிறகு, “போதும் விடு, எனக்கு இது வேண்டியதுதான்” என்றார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. என்ன வேண்டியது? யார் குடியைக் கெடுத்தார் அவர்?

அது முதல் தடவை. வியாழக்கிழமை கதவைக் கழற்றி, அதில் அவரைக் கிடத்தி, பண்ணைக்காரர் மகனும் நானும் வயலைச் சுற்றித் தூக்கிக்கொண்டு போனோம். அதற்கே ஒரு மணி நேரம். பையன் மறுநாள் வேலைக்கு டவுனுக்குப் போய்விட்டான்.

ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். செப்டம்பர் மாதமும் இப்படித் தவறினால் அந்த இடத்தை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடுவார்களாம். வரிசையில் பதினாறு பேர் காத்திருக்கிறார்கள். டவுனிலேயே குடியிருங்கள் என்கிறார்கள். நான் சொன்னால் அவர் கேட்கிறாரா? “இந்த இடத்தை விட்டு நான் போக மாட்டேன்” என்று சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்கிறார்.

என்ன செய்ய, சொல். உடனே சொல்.

அண்ணி


ஆகஸ்ட் 30

தம்பி,

பதினெட்டு நாளாகிறது. மூணு ஹாரனைப் பார்க்கும்போதெல்லாம் முதலில் அவன் சட்டைப் பையைத்தான் பார்க்கிறேன். அவன் தலையை ஆட்டுகிறான். நீ நன்றாக இருக்கிறாயா இல்லையா என்றுகூடத் தெரியவில்லை.

அவருக்குக் கால் இரண்டும் தூண் மாதிரி வீங்கியிருக்கிறது. படுத்தால் மூச்சு விட முடியவில்லை, உட்கார்ந்தபடியே தூங்குகிறார். இந்த மாதம் மூன்று தடவை தவறியது. நல்லவேளை, அடுத்தடுத்து இல்லை.

உன் பழைய கடிதத்தை எடுத்துப் படித்தேன். ‘என் வயல் பக்கமும் வேண்டாம்’ என்று எழுதியிருக்கிறாய். நான் உன் வயல் பக்கத்தைப் பற்றிக் கேட்கவே இல்லையே தம்பி. எதற்கு எழுதினாய்?

நீ போட்ட ரோட்டில் முகம் தெரியாதவர்கள் எல்லாம் போகிறார்கள். உன் கூடப் பிறந்தவர் முக்கால் கிலோமீட்டர் போக முடியாமல் சாகப் போகிறார். உனக்கு ஏதாவது தெரிந்தால் சொல். எதுவாக இருந்தாலும் சொல். நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

அண்ணி


செப்டம்பர் 4

அண்ணி,

வணக்கம் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கவும் எனக்கு யோக்கியதை இல்லை. நேராகவே எழுதிவிடுகிறேன்.

ரோடு இறங்குகிற அந்தப் பள்ளத்தில், அடியில் ஒரு சிமெண்டுக் குழாய் இருக்கிறது. நீங்கள் கல்யாணமாகி வருவதற்கு முன்னால் அப்பா பதித்தது. மேட்டு வயல் தண்ணீர் அதன் வழியாக ரோட்டுக்குக் கீழே புகுந்து, என் வயலைத் தாண்டி ஓடைக்குப் போகும். அதனால்தான் ரோடு அத்தனை வருஷம் நின்றது. பாகம் பிரித்த வருஷம் கோடையில் என் பயிர் முழுக்கக் கருகியது உங்களுக்குத் தெரியும். கடனை உடனை வாங்கி மறுபடி நாற்று நட்டேன். பெரிய மழை வருகிறது என்று ரேடியோவில் சொன்னார்கள். மேட்டுத் தண்ணீர் மொத்தமும் குழாய் வழியாக வந்து நாற்றை அடித்துக்கொண்டு போய்விடுமோ என்று பயந்து, மழைக்கு முந்தின நாள், என் பக்கத்துக் குழாய் வாயை அடைத்துவிட்டேன். என் பாதித் தார்ப்பாயைச் சுருட்டித் திணித்து, அதன் மேல் மண்மூட்டை வைத்தேன். மழை முடிந்ததும் எடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். எடுக்கவில்லை. அதற்குள் எனக்கும் அண்ணனுக்கும் பேச்சு நின்று, நானும் கிளம்பிவிட்டேன். உங்கள் முதல் கடிதத்தைப் படிக்கிற வரைக்கும் அதை மறந்தே போயிருந்தேன்.

எங்கள் மேஸ்திரி ஒருவர் இருக்கிறார். எந்த இடத்துக்குப் போனாலும் மண்ணைத் தொடுவதற்கு முன்னால், “தண்ணி எங்க போகுது?” என்று கேட்பார். அதற்குப் பதில் தெரியாமல் ஒரு கூடைக் கல்லைக்கூடப் போட விட மாட்டார். எங்கள் தொழிலுக்கு அதுதான் ஆரம்பம். ஜூன் மாதம் உங்கள் கடிதத்தை அவரிடம் காட்டினேன். அவர் அதையேதான் கேட்டார். “தெரியலீங்க” என்றேன். உங்களுக்கு இரண்டு கடிதம் எழுதினேன், இரண்டிலும் கல்லைச் சொன்னேன், குச்சியைச் சொன்னேன், தண்ணீரைச் சொல்லவில்லை. உங்களைச் சேற்றில் இறக்கிவிட்டு நான் கண்ணாடி மாதிரி ரோடு போட்டேன்.

மெயின் ரோட்டிலிருந்து வரும்போது மூன்றாவது வேலிக்கல். அதற்கு நேராக என் வயல் பக்கம் புதரை வெட்டி, இரண்டு முழம் தோண்டுங்கள். தார்ப்பாய் கிடைக்கும். இழுத்தால் தண்ணீர் வேகமாக வரும், குழாய்க்கு நேராக நிற்காதீர்கள். எடுத்த நாலாம் நாள் ரோடு இறுகிவிடும், இது சத்தியம்.

அண்ணனிடம் நான் செய்ததைச் சொல்லிவிடுங்கள்.

தம்பி


செப்டம்பர் 14

தம்பி,

உன் கடிதம் நேற்றுக் காலை வந்தது. அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு நேராக மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனேன். மூன்றாவது வேலிக்கல். புதரை வெட்டினேன். இரண்டு முழம் என்றாய், மூன்று முழம் ஆனது. எதிர்ப் பண்ணைக்காரர் முதுகுவலியோடு வந்து மேலே நின்று மண்ணை அள்ளினார். மதியம் மூட்டை தட்டுப்பட்டது. அதன் பின்னால் நீலத் தார்ப்பாய். பார்த்ததுமே தெரிந்துவிட்டது, உன் கோணல் வெட்டு.

கயிறு கட்டி இரண்டு பேரும் இழுத்தோம். வந்தது. நான் ஒதுங்கி நின்றேன். குழாயிலிருந்து ஒரு குடம் அழுக்குத் தண்ணீர் வந்தது. அவ்வளவுதான். நின்றுவிட்டது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் குட்டை அப்படியே இருக்கிறது, ஒரு விரல்கூட இறங்கவில்லை. சாயங்காலம் வரைக்கும் அந்தக் குழாய் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இன்னும் என்ன மறைக்கிறாய்? வேறு எங்கே என்ன அடைத்தாய்? இல்லை, இதுவும் என்னைச் சமாதானப்படுத்தச் சொன்ன கதையா? சனிக்கிழமையும் போகவில்லை, நேற்று செவ்வாய்க்கிழமையும் போகவில்லை. தொடர்ந்து இரண்டு. நாளை மூன்றாவது. அவருக்கு நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச மூச்சு இல்லை.

அவரிடம் இதுவரை சொல்லவில்லை. இனிமேல் மறைக்க எனக்குத் தெம்பில்லை. உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு இப்போது அவரிடம் போகிறேன்.

அண்ணி


செப்டம்பர் 24

தம்பிக்கு,

அண்ணன் எழுதுவது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருக்கும், அது ஊசி குத்திய கை. நீ நலமாக இருக்க வேண்டும். இதை நான் ஆறு வருஷமாகச் சொல்லவில்லையே தவிர, நினைக்காமல் இல்லை.

உன் அண்ணி உன் கடிதத்தை என் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு வாசித்தாள். நீ அடைத்தாய் என்று கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க மூச்சு இல்லை. நான் சாகப் போகிறேன் என்று பயந்துபோனாள். “அந்தப் பக்கமும் தோண்டு” என்றேன். “எந்தப் பக்கம்?” என்றாள். “நம்ம பக்கம். அங்க அடைச்சது நான்” என்றேன்.

பாகம் பிரித்த அந்தக் கோடையில் மேட்டு வயல் ஊற்று மட்டும்தான் வற்றவில்லை. அது குழாய் வழியாக உன் வயலுக்குச் சொட்டிக்கொண்டிருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. தார்ப்பாயில் ஒரு சாண் அதிகம் எடுத்தவனுக்குத் தண்ணீர் வேறா என்று நினைத்தேன். என் பாதியைச் சுருட்டி என் பக்கத்து வாயில் அடைத்தேன். உன் பயிர் கருகியது மழை இல்லாமல் அல்ல, என்னால். நீ வரப்பில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்ததை நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன். அன்றைக்கே எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. நீ நிலத்தை விட்டுவிட்டுப் போனாய்.

ரோடு கெட ஆரம்பித்தபோது எனக்குக் காரணம் தெரியும். தோண்டினால் தார்ப்பாய் வெளியே வரும், உன் அண்ணி பார்த்ததும் புரிந்துகொள்வாள். அவள் என்னை எப்படிப் பார்ப்பாள் என்று நினைத்து வாயை மூடிக்கொண்டேன். பாம்பு என்றேன். எலி என்றேன். அவள் செங்கல் சுமந்தாள், நான் நாற்காலியில் உட்கார்ந்து, அங்கே போடு இங்கே போடு என்றேன். இதுதான் என் யோக்கியதை. உனக்குச் செய்ததற்கு இந்த ரோட்டிலேயே முடிந்துபோவது சரிதான் என்றும் நினைத்தேன். அதில் அவளும் சேர்ந்து முடிகிறாள் என்பது எனக்கு உறைக்கவில்லை.

நீ அடைத்ததால் ஒரு சொட்டுத் தண்ணீரும் தடைபடவில்லை, ரோட்டில் ஒரு குழியும் விழவில்லை. தண்ணீர் உன் பக்கம் வரவே இல்லை. எனவே உன் மேல் ஒரு குற்றமும் கிடையாது. இதை எழுதத்தான் பேனா கேட்டு வாங்கினேன்.

நர்ஸ் திட்டுகிறாள். நிறுத்துகிறேன்.

அண்ணன்


அக்டோபர் 19

தம்பிக்கு,

அவர் எழுதி இருபத்தைந்து நாளாகிறது. உன்னிடமிருந்து பதில் இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே? வெட்கத்தில் எழுதவில்லையா, பயிரைக் கருக்கினவருக்கு எதற்குப் பதில் என்று இருக்கிறாயா, எனக்குத் தெரியாது. இரண்டில் எதுவாக இருந்தாலும் எனக்கு அதற்கெல்லாம் நேரமில்லை. இந்தக் கடிதத்தை முழுக்கப் படி.

அன்று அவர் சொன்னதும் போய் மேட்டுப் பக்கம் தோண்டினேன். என்னென்னவோ திட்டிக்கொண்டே தோண்டினேன், உன்னையும் சேர்த்து. அந்தப் பாதியையும் இழுத்தோம். தண்ணீர் போன சத்தம் வீட்டுக்குக் கேட்டதாம். ஒரு மணி நேரத்தில் குட்டை பாதியாக இறங்கியது. அவரைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு, பண்ணைக்காரர் ஒரு பக்கம் நான் ஒரு பக்கம், மெயின் ரோட்டில் போன ஒரு லாரியை மறித்து ஏற்றினோம். பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார்.

திரும்பி வந்தபோது ரோடு இறுகியிருந்தது. முழுங்கிவிட்டது என்று உனக்கு எழுதினேனே, அந்தச் செங்கல் எங்கேயும் போகவில்லை தம்பி. நூற்று நாற்பது கட்டும் அங்கேதான் இருக்கிறது. துவைக்கிற கல்லின் ஒரு மூலை மேலே தெரிகிறது. தண்ணீர் போனதும் எல்லாம் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கிறது. நீ சொல்லித் தந்ததில் ஒரு பொய்யும் இல்லை. ஆரம்பத்தைத்தான் சொல்லாமல் விட்டாய்.

போன வியாழக்கிழமை மூணு ஹாரன் வேனை உள்ளே கொண்டுவந்தான். வாசலில் நிறுத்திவிட்டுப் பழக்கத்தில் மூன்று தடவை ஹாரன் அடித்தான். நான் துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு போனேன். “எதுக்குடா கத்துற, இங்கதான நிக்கிறோம்” என்றேன். பிறகு வேன் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன். அவன் பாவம், என்ன செய்வது என்று தெரியாமல் ஹாரனைத் துடைத்துக்கொண்டிருந்தான். உன் அண்ணன் செருப்புப் போட்டுக்கொண்டு, அவர் காலாலேயே ஆறடி நடந்து ஏறினார். ஏறும்போது அவனிடம், “லெட்டர் ஏதாச்சும் வந்திருக்கா?” என்று கேட்டார். இப்போதெல்லாம் என் எதிரிலேயே கேட்கிறார். செவ்வாய், வியாழன், சனி, மூன்று நாளும் கேட்கிறார்.

இனி டாக்டர் சொன்னதைச் சொல்கிறேன். தவறின நாட்களில் தேங்கின தண்ணீர் இருதயத்தைக் கெடுத்துவிட்டது. மெஷின் ரத்தத்தைச் சுத்தம் செய்யும், இருதயத்தைத் திருப்பித் தராது என்றார். எத்தனை நாள் என்று கேட்டேன். இந்தத் தடவை கேட்டேன். வருஷம் என்று அவர் சொல்லவில்லை.

உங்கள் இரண்டு பேரையும் நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார், இன்னொருவர் மலையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். சேற்றில் நின்றது நான். அதை ஆற அமரப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

இரண்டு பாதியையும் கழுவி முற்றத்தில் விரித்துப் போட்டேன். ஆறு வருஷம் மண்ணுக்குள் இருந்தும் அதிகம் கெடவில்லை. கோணலும் கோணலும் அப்படியே பொருந்துகிறது. உன் பாதி ஒரு சாண் பெரிசுதான், அவர் சொன்னது சரி. வைக்கோல் நனைகிறது. பண்ணைக்காரர் தைத்துத் தருகிறேன் என்றார், நான் விடவில்லை. நானும் தைக்கப் போவதில்லை. கிழித்தவர்கள் தைக்கட்டும். கோணி ஊசியும் நூலும் ஜன்னலில் வைத்திருக்கிறேன்.

மெயின் ரோட்டில் இறங்கினால் வண்டி எதுவும் தேட வேண்டாம், நடந்தே வரலாம், காலில் ஒரு பொட்டுச் சேறு ஒட்டாது. ஊசி பிடிக்கிற தெம்பு அவர் விரலில் இன்னும் இருக்கிறது. அது இருக்கும்போதே வா.

அண்ணி